டர்பனில் காவல் துறையை அணுகும் முறை: எந்த வாசல், எந்த எண், எந்தப் படிவம்

டர்பன் தெருக்களில் சீருடையோடு நிற்கிற காவலர்கள் எல்லோரும் ஒரே துறையினர் அல்லர். தென்னாப்பிரிக்கக் காவல் சேவை, அதாவது சாப்ஸ், நாடு முழுவதற்கும் உரியது. 1995ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டத்தின்படி, பிரிட்டோரியாவில் இருக்கும் தேசிய ஆணையரின் தலைமையில் இயங்குவது. டர்பன் மெட்ரோ போலீஸ், டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியின் ஒரு பிரிவு. புகாரைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைகிறவர்களில் பலர், முதல் நாளே தவறான வாசலில் போய் நின்றவர்களாக இருக்கிறார்கள். சாப்ஸ் செய்ய வேண்டியதை மெட்ரோவிடம் கேட்பதும், மாநகராட்சி செய்ய வேண்டியதைச் சாப்ஸ் நிலையத்தில் முறையிடுவதும் நம்மவரிடையே, குறிப்பாக இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அண்மையில் வந்து குடியேறியவர்களிடையே, அடிக்கடி நடப்பது. ஊரில் ஒரே காவல் நிலையம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட பழக்கம் இங்கே உதவாது.

மெட்ரோ போலீசுக்கு 1998ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்றே பணிகளைக் கொடுத்திருக்கிறது: போக்குவரத்தைக் கண்காணிப்பது, மாநகராட்சியின் துணைவிதிகளை நடைமுறைப்படுத்துவது, குற்றத்தைத் தடுப்பது. நடந்துவிட்ட குற்றத்தைத் துப்பறியும் வேலை அதனுடையது அன்று. மெட்ரோ காவலர் ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாலும், அவனைச் சாப்ஸ் நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். அதற்குப் பிறகு வழக்கு சாப்ஸினுடையது. ஆகவே வீட்டுத் திருட்டு, வழிப்பறி, அடிதடி, பண மோசடி, குடும்ப வன்முறை ஆகியவற்றுக்குச் சாப்ஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அவசரமானால் 10111 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் நள்ளிரவு தாண்டியும் அலறும் ஒலிபெருக்கி, உங்கள் வாசலை மறித்து நிறுத்தப்பட்ட வண்டி, சிவப்பு விளக்கை மதிக்காமல் பறக்கும் மினிபஸ் டாக்சி ஆகியவற்றுக்கு மெட்ரோ. அதன் கட்டுப்பாட்டு அறை எண் 031 361 0000. சாலை விபத்தை மட்டும் இரண்டு இடத்திலும் தெரிவிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து, விபத்து அறிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளாமல் வீடு திரும்பக் கூடாது. காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு இந்தப் பிரிவினை நன்றாகவே தெரிந்திருக்கும். தைப்பூசக் காவடிக்கோ ரத ஊர்வலத்துக்கோ தெருவை அடைத்துக் கொடுப்பது மெட்ரோவின் வேலை. ஆனால் 2,000 பேரோ அதற்கு மேலோ கூடும் விழாக்களை 2010ஆம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது; சமய விழாக்களும் அதில் அடங்கும். அந்த விழாவில் ஆபத்து எவ்வளவு என்று வகைப்படுத்துவது சாப்ஸ். ஒன்றிடம் பேசிவிட்டு மற்றொன்றை மறந்துவிடும் புதிய செயலாளர்கள் திருவிழாவுக்கு முந்தின வாரத்தில் படும் பாடு சொல்லி மாளாது.

சாப்ஸின் அமைப்பு மேலிருந்து கீழாக நான்கு படிகள் கொண்டது: தேசியத் தலைமையகம், மாகாணம், மாவட்டம், நிலையம். குவாசூலு-நட்டால் மாகாணத் தலைமையகம் டர்பனிலேயே, முன்பு ஆர்ட்னன்ஸ் ரோடு எனப்பட்ட பிராம் ஃபிஷர் ரோட்டில் இருக்கிறது. நம்மவர் அதிகமாக வாழும் பகுதிகளில் சாட்ஸ்வொர்த்துக்கு மட்டும் இரண்டு நிலையங்கள் உண்டு: சாட்ஸ்வொர்த், பேவியூ. வடக்கே ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், தெற்கே இசிப்பிங்கோ. எல்லை தெரியவில்லை என்று தயங்க வேண்டியதில்லை. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், நீங்கள் போய் நிற்கிற நிலையம் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். "அங்கே போங்கள்" என்று திருப்பி அனுப்பினால், அங்குள்ள பொறுப்பு அதிகாரியின் பெயரையும் பதவியையும் கேட்டு, அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

பதவிப் பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. 2010 ஏப்ரலில் சாப்ஸ் இராணுவப் பாணிப் பதவிப் பெயர்களுக்குத் திரும்பியது. அதனால் பழைய ஆவணங்களில் இன்ஸ்பெக்டர், சூப்பரின்டென்டென்ட் என்று காண்பவர்கள் இன்றைய ஏணியில் இல்லை. இன்று கான்ஸ்டபிள், சார்ஜென்ட், வாரன்ட் ஆபீசர், கேப்டன், கர்னல், பிரிகேடியர் என்று போகிறது. சென்னையில் இன்ஸ்பெக்டரைத் தேடிப் பழகியவர் இங்கே நிலையத் தலைவரைக் கேட்பதே சரி.

வழக்கு எண்ணும் டாக்கெட்டும்

மூத்தவர்கள் இன்னமும் சார்ஜ் ஆபீஸ் என்று சொல்லும் முன்கூடத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. உங்கள் வாக்குமூலத்தை ஒரு காவலர் எழுதுவார், பெரும்பாலும் ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பாட்டியோ, வேலை விசாவில் வந்த சமையற்காரரோ, அர்ச்சகரோ போனால், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது. எழுதியதை முழுவதுமாக வாசித்துக்காட்டச் சொல்லி, தமிழில் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது இந்தக் காகிதத்தைத்தான். நேரம் ஒரு மணி தவறியிருந்தாலும், சட்டையின் நிறம் மாறியிருந்தாலும், சாட்சி பொய் சொல்கிறார் என்று வாதிட அது போதும். எது தெரியாதோ அதைத் தெரியாது என்றே எழுதச் சொல்லுங்கள். வாக்குமூலத்தின் நகல் ஒன்றையும் கேளுங்கள்.

வழக்கு கணினியில் ஏறியவுடன் சிஏஎஸ் எண் எனப்படும் வழக்கு எண் கிடைக்கும், குறுஞ்செய்தியாகவும் வரும். எடுத்துக்காட்டாக, சாட்ஸ்வொர்த் சிஏஎஸ் 214/3/2025 என்று வந்தால், சாட்ஸ்வொர்த் நிலையத்தில் 2025 மார்ச் மாதம் பதிவான 214ஆவது வழக்கு என்று பொருள். நிலையத்தின் பெயரும் சேர்ந்ததுதான் முழு எண். வெறும் 214/3/2025 என்பது வேறொரு நிலையத்தில் வேறொருவரின் வழக்காக இருக்கும். நிகழ்வுப் பதிவேட்டில் எழுதப்படும் ஓபி எண் இதிலிருந்து வேறானது. அந்த ஏட்டில் நடந்தது குறிக்கப்படுகிறதே தவிர, அதனால் மட்டும் விசாரணை தொடங்கிவிடாது. ஓபி எண்ணை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பிக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் இருப்பது எது என்று அன்றே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த எண்ணின் பின்னால் டாக்கெட் என்ற கோப்பு இருக்கிறது. அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. ஏ பகுதியில் வாக்குமூலங்களும் மருத்துவ அறிக்கை போன்ற சான்றுகளும், பி பகுதியில் கடிதப் போக்குவரத்தும், சி பகுதியில் விசாரணை நாட்குறிப்பும் இருக்கும். துப்பறிவாளர் எந்த நாளில் என்ன செய்தார், மேலதிகாரி கோப்பைப் பார்த்து என்ன உத்தரவிட்டார் என்பதெல்லாம் சி பகுதியில் தேதியோடு ஏற வேண்டும். அதை உங்களுக்குக் காட்டமாட்டார்கள். ஆனால் "என் வழக்கு என்ன ஆயிற்று" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "சி பகுதியில் கடைசியாக எந்தத் தேதியில் பதிவு ஏறியிருக்கிறது, அடுத்த நடவடிக்கை என்ன" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு விதமாக வரும். முன்னேற்றம் இல்லையென்றால் துப்பறிவாளர், துப்பறியும் பிரிவின் தலைவர், நிலையத் தலைவர், மாவட்ட அலுவலகம், மாகாண ஆணையர் அலுவலகம் என்று படிப்படியாக, ஒவ்வொரு முறையும் எழுத்தில், வழக்கு எண்ணைத் தலைப்பில் போட்டு அனுப்ப வேண்டும். தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

குற்றவாளி கிடைக்கவில்லை என்று கோப்பை மூடினாலும், புதிய சான்று கிடைத்தால் மறுபடி திறக்கலாம். அரசு வழக்கறிஞர் வழக்கு நடத்த மறுத்தால் அது காவலரின் முடிவு அன்று; அதற்கான சான்றிதழை அவரிடமிருந்து பெற்றுப் பாதிக்கப்பட்டவரே தனி வழக்கு நடத்தும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. செலவு மிகுந்த வழி என்பதால் அதைப் பெரும்பாலோர் தொடுவதில்லை.

காவலர் மீதே புகார் என்றால்

மரியாதைக் குறைவு, தாமதம், புகாரை எழுத மறுப்பு போன்றவை சாப்ஸின் சொந்தப் புகார்ப் பிரிவுக்கு உரியவை. மெட்ரோ காவலரைப் பற்றியதாக இருந்தால் மாநகராட்சிக்கு. அதைவிடக் கடுமையானவை ஐபிட் என்ற சுயேச்சைப் புலனாய்வு இயக்ககத்துக்கு உரியவை. 2011ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டத்தின்படி உருவான இது, 1997 முதல் இருந்த பழைய புகார் இயக்ககத்துக்குப் பதிலாக 2012 ஏப்ரலில் பணியைத் தொடங்கியது. காவலில் நேர்ந்த மரணம், காவலர் செயலால் நேர்ந்த மரணம், துப்பாக்கிச் சூடு, காவலர் செய்த பாலியல் வன்கொடுமை, சித்திரவதை, அடிதடி ஆகியவற்றை ஐபிட் விசாரித்தே ஆக வேண்டும். இது மெட்ரோவுக்கும் பொருந்தும். இத்தகைய நிகழ்வு தெரியவந்தவுடன் நிலையத் தலைவரே ஐபிட்டுக்கு அறிவித்து, 24 மணி நேரத்துக்குள் எழுத்து மூலமாகவும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அவர் செய்வார் என்று இருந்துவிடாமல் நீங்களும் நேரே அனுப்புங்கள். காயம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டி அறிக்கை வாங்குங்கள்.

நட்ட ஈடு கேட்டு வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் 6 மாதம் என்ற கெடுவை மறக்கக் கூடாது. 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி, அரசு அமைப்பின் மீது வழக்குத் தொடுப்பதற்குமுன், நிகழ்வு நடந்த 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உரிமை பொதுவாக 3 ஆண்டில் காலாவதியாகும். ஐபிட் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டால், நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டி வரும்.

வேலைக்குச் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு

சாப்ஸ் பயிற்சிக் காவலர் பணிக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வேண்டும். மெட்ரிக் எனப்படும் 12ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். குற்றப் பதிவு இருக்கக் கூடாது. வயது வரம்பு அண்மைய விளம்பரங்களில் 18 முதல் 35 வரை என்று இருந்தது. ஆங்கிலத்தோடு இன்னொரு அதிகாரபூர்வ மொழியும் தெரிந்திருக்க வேண்டும். மதிப்புத் தரப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாக அரசியலமைப்புச் சட்டம் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், அது அதிகாரபூர்வ மொழி ஆகாது. இந்த மாகாணத்தில் காவலராக விரும்பும் பிள்ளைக்கு இசிசூலு, அதாவது சூலு மொழி, கற்றுக்கொடுப்பதே பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள தயாரிப்பு. நிலையத்தில் பெண்மணி ஒருவர் இசிசூலுவில் அழுதுகொண்டே சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாத கான்ஸ்டபிளால் யாருக்குப் பயன்?

விளம்பரம் எப்போதும் திறந்திருப்பதில்லை. வந்தவுடன் அதில் சொன்ன வழியில், சொன்ன தேதிக்குள் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். பிறகு உளவியல் தேர்வு, உடல் தகுதித் தேர்வு, நேர்மைச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, கைரேகை, பின்னணி ஆய்வு என்று வரிசையாக வரும். இளமையில் கட்டிய ஒரு சிறு அபராதத்தை மறைப்பது, அதைச் சொல்வதைவிடக் கெடுதல், கைரேகை மறைப்பதில்லை. சான்றிதழ் நகல்களுக்குச் சாப்ஸ் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை வைத்துத் தருவார்கள். எந்தப் படியிலும் பணம் கட்டச் சொல்வதில்லை. வாட்சப்பில் ஒரு கணக்கு எண்ணை அனுப்பி, பயிற்சி இடம் உறுதி என்று சொல்பவர் மோசடிக்காரர். அவர் நம் இனத்தவராகவோ கோயிலில் தெரிந்தவராகவோ இருந்தாலும் அப்படியே.

மெட்ரோவுக்கு ஆள் எடுப்பது மாநகராட்சி. அதன் அறிவிப்பைச் சாப்ஸ் விளம்பரத்தில் தேடிப் பயனில்லை. எதெக்வினியின் வேலை அறிவிப்புகளைப் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டும் உரிமம் அங்கே முக்கியம். சாட்ஸ்வொர்த்தில் உள்ள சாப்ஸ் பயிற்சிக் கல்லூரி, இனப் பிரிவினைக் காலத்தில் இந்தியக் காவலர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று எல்லா இனத்தாரும் அங்கே பயில்கிறார்கள். நம் வீடுகளில் ஓய்வு பெற்ற காவலர் இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், அணிவகுப்புத் திடலைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசுவார்.

பதிவேடுகளைக் கேட்டு வாங்குதல்

கேட்காமலே கிடைப்பவை பல. நிலைய வாரியான குற்றப் புள்ளிவிவரத்தைச் சாப்ஸ் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. அதை வாசிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். சமூகத்தினர் புகாரளித்த 17 கடுமையான குற்றங்கள் என்ற அட்டவணை மக்கள் வந்து சொன்னதை மட்டுமே காட்டும். நம்பிக்கை இழந்த ஊரில் புகார் குறையும், குற்றம் குறையாது. போதைப்பொருள், குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல் போன்றவற்றின் எண்ணிக்கையோ காவலரின் சோதனை கூடக் கூட ஏறும். அந்த ஏற்றம் ஊர் கெட்டுவிட்டதன் அடையாளம் என்று கொள்ள முடியாது. ஒரு காலாண்டை அதற்கு முந்தின காலாண்டோடு ஒப்பிடாமல், போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். டிசம்பர் விடுமுறைக் கூட்டம் டர்பன் கணக்கை எப்படியும் மாற்றிவிடும். ஆண்டறிக்கை, நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு வருகிறது. அதில் எல்லோரும் தாண்டிப் போகும் பகுதி, காவலர் செயலுக்காக அரசின் மீது தொடுக்கப்பட்ட நட்ட ஈட்டு வழக்குகளின் கணக்கு. நான் முதலில் புரட்டுவது அதைத்தான்.

விசாரணைக் குழு அறிக்கைகளும் பொது ஆவணங்களே. 2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. அரசு அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2022 பிப்ரவரியிலும், மனித உரிமை ஆணையத்தின் அறிக்கை 2024 ஜனவரியிலும் வெளிவந்தன. அந்த நாள்களில் காவல் எங்கே தவறியது என்று நம் வீடுகளில் இன்னமும் நடக்கும் வாதங்களில் பாதி, இவற்றை வாசித்தால் தேவைப்படாது. காவல் துறைக்குள் குற்றக் கும்பல்களின் தலையீடு இருப்பதாக மாகாண ஆணையர் 2025 ஜூலையில் பகிரங்கமாகக் கூறிய குற்றச்சாட்டுகளை விசாரிக்க அமைக்கப்பட்ட மத்லங்கா ஆணையமும் அதே ஆண்டு செப்டம்பர் முதல் பொது அமர்வுகளை நடத்தியது.

வெளியிடப்படாததைக் கேட்க, பாயா என்று சுருக்கி அழைக்கப்படும் 2000ஆம் ஆண்டின் 2ஆம் எண் தகவல் சட்டம் இருக்கிறது. படிவம் 2இல் விண்ணப்பிக்க வேண்டும். சாப்ஸுக்கு அதன் தகவல் அலுவலரிடம், மெட்ரோவுக்கு மாநகராட்சியின் தகவல் அலுவலரிடம். கேட்பது இன்ன நிலையம், இன்ன தேதிகள், இன்ன ஆவணம் என்று குறுகலாக இருக்க வேண்டும். "ஊழல் பற்றிய எல்லாக் கோப்புகளும்" என்று கேட்டால் மறுப்பதற்கு அவர்களுக்கு நூறு வழி. "2024 ஜனவரி முதல் ஜூன் வரை இந்த நிலையத்துக்கு ஒதுக்கப்பட்ட ரோந்து வண்டிகளும், அவற்றுள் பழுதாகிக் கிடந்தவையும்" என்று கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்க வாய்ப்புண்டு. பதிலளிக்க 30 நாள். தேவையானால் ஒரு முறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். கெடு முடிந்தும் பதில் வராவிட்டால் சட்டப்படி அது மறுப்பே. அதன்மேல் 60 நாளுக்குள் படிவம் 4இல் உள்முறையீடு, பிறகு 180 நாளுக்குள் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் அல்லது நீதிமன்றம். நடந்துகொண்டிருக்கும் விசாரணையைக் கெடுக்கும் டாக்கெட், தகவல் கொடுத்தவரின் அடையாளம், மூன்றாம் நபரின் சொந்த விவரம் ஆகியவற்றை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்குக்காக டாக்கெட்டின் ஏ பகுதியைக் கேட்பது வேறு வழி. 1995ஆம் ஆண்டு ஷபலாலா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பேரில் வழக்கறிஞர் அதை அரசு வழக்கறிஞரிடமே கேட்பார்.

பழைய பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு டர்பன் வளமான ஊர். நகராட்சிக் காவல் 1854இல் தொடங்கியது, அதாவது நம் முன்னோரை ஏற்றிவந்த முதல் கப்பல் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே. 2000இல் அது மெட்ரோ போலீசாக உருமாறியது. அந்தப் பழைய நகராட்சிக் காவலில் இந்தியக் கான்ஸ்டபிள்கள் பணியாற்றியதற்கு விந்தையான ஒரு சாட்சி உண்டு. 1897 ஜனவரி 13 அன்று டர்பனில் வெள்ளையர் கூட்டம் காந்தியைத் தாக்கியபோது, காவல் கண்காணிப்பாளர் அலெக்சாண்டரின் மனைவி குடையை விரித்துக் குறுக்கே நின்று காத்தார். அன்றிரவு காந்தி, நண்பர் ருஸ்தம்ஜியின் வீட்டிலிருந்து இந்தியக் கான்ஸ்டபிள் உடையில், ஒரு தட்டைத் தலையில் கவிழ்த்து அதன்மேல் மதராசித் துண்டைச் சுற்றிக்கொண்டு தப்பினார். தாத்தாவோ பூட்டனோ அந்தக் காவலில் இருந்தார் என்று நம்புகிறவர்கள், டர்பன் ஆவணக் காப்பகத்தில் 3/டிபிஎன் என்ற குறியீட்டில் உள்ள நகரச் செயலர் கோப்புகளிலிருந்து தொடங்கலாம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்தூலி ஆவண மையத்தையும் பார்க்கலாம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடக் கூடாது, வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. கப்பல் பட்டியலில் உள்ள ஒப்பந்த எண் கையில் இருந்தால் ஆளை உறுதிப்படுத்துவது எளிது. ஆவணம் உருவாகி 20 ஆண்டு கடந்திருந்தால் காப்பகத்தில் பொதுவாகத் திறந்தே இருக்கும். 20 ஆண்டு ஆகாததாக இருந்தால் பாயாவின் படிவம் 2தான்.